முற்றுப்பெறாத ஒலிப்பதிவு: பீற்றில்ஸ் இசைக்குழுவின் இறுதி வெளிநாட்டு அரங்கு (1966)

வரலாற்றாசிரியன் தனக்குக் கிடைக்கும் சான்றுகளைக் கொண்டே கடந்தகாலத்தை மீளக் கட்டியெழுப்புகிறான். கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி, நாணயம் என்பன நெடுங்காலமாக அவனது மூலங்களாக இருந்து வந்துள்ளன. இருபதாம் நூற்றாண்டு இவற்றோடு ஒலிப்பதிவு என்னும் புதியதொரு சான்றினையும் சேர்த்தளித்தது. எனினும், கல்வெட்டினை நோக்கும் அதே ஐயக்கண்ணுடன் ஒலிப்பதிவை நோக்கும் பழக்கம் இன்னும் வேரூன்றியதாகக் கூறமுடியாது. கல்வெட்டொன்று இடையிலே சிதைந்திருப்பின், சிதைந்த பகுதியில் யாது இருந்திருக்கும் என்பதோடு அது எவ்வாறு சிதைந்தது என்பதையும் ஆய்வாளன் வினவுகிறான். ஒலிநாடாவொன்று இடையிலே அறுந்துபோயிருப்பின் அதே வினாவை அங்கும் எழுப்புதல் வேண்டும். 1966ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 29ஆம் திகதி, அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் பீற்றில்ஸ் குழுவினர் நிகழ்த்திய இசையரங்கின் ஒலிப்பதிவு இத்தகைய விசாரணைக்கு ஏற்றதொரு சான்றாகும். இங்கிலாந்தைச் சேர்ந்த அக்குழு பிறநாடொன்றில் நடத்திய இறுதி அரங்கு அதுவே; நுழைவுச்சீட்டுப் பெற்ற பொதுமக்கள் முன்னிலையில் அது தோன்றிய இறுதி அரங்கும் அதுவே. அதன் ஒலிப்பதிவோ கடைசிப் பாடல் முடிவதற்கு முன்னரே நின்றுபோகிறது.

இவ்வொலிப்பதிவின் பொருளை உணர்வதற்கு அக்குழுவினர் மேடையில் வளர்ந்த வரலாற்றினைச் சுருக்கமாகவேனும் அறிதல் அவசியமாகும். லிவர்ப்பூல் துறைமுக நகரின் இளைஞர்களான ஜோன் லெனன், போல் மக்காட்னி, ஜோர்ஜ் ஹரிசன் ஆகியோர் 1960ஆம் ஆண்டு முதல் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகர இரவு விடுதிகளில் நாள்தோறும் பல மணிநேரம் வாசித்துத் தேர்ச்சி பெற்றனர். லிவர்ப்பூலின் கவேர்ன் என்னும் நிலவறை விடுதியில் மட்டும் கிட்டத்தட்ட 300 தடவைகள் அவர்கள் தோன்றினர். 1962ஆம் ஆண்டு ஓகஸ்டில் பேரிகை வாசிப்பவராக றிங்கோ ஸ்ரார் இணைந்தபோது குழு முழுமை பெற்றது. ஆகவே, அவர்கள் ஒலிப்பதிவுக்கூடத்திற் பிறந்த கலைஞரல்லர். கேட்போரின் முகக்குறிப்பை அறிந்து, அதற்கேற்பப் பாடலை நீட்டியும் குறுக்கியும் வாசித்துப் பழகிய மேடைக் கலைஞர்கள். அத்தகையோர் ஆறே ஆண்டுகளில் மேடையை அடியோடு துறக்க நேர்ந்தமை எவ்வாறு என்பதே இங்கு எழும் வினாவாகும்.

1964ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி, எட் சலிவன் நடத்திய அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர்கள் தோன்றியதை ஏறக்குறைய 7 கோடியே 30 இலட்சம் மக்கள் கண்டதாகக் கணக்கிடப்பட்டது. அதன்பின் மண்டபங்கள் போதாமற் போயின. விளையாட்டு மைதானங்கள் இசையரங்குகளாயின. 1965 ஓகஸ்ட் 15ஆம் திகதி நியூயோர்க்கின் ஷியா மைதானத்தில் 55,000இற்கும் மேற்பட்டோர் கூடினர். றொக் இசை அதுவரை காணாத கூட்டம் அது. ஆனால் கூட்டம் பெருகிய வேகத்துக்கு ஈடாக ஒலிக்கருவிகள் வளரவில்லை. ஒவ்வொன்றும் 100 உவாற் வலுவுடைய ஒலிபெருக்கிகளை நம்பியே அவர்களது கிற்றார்கள் ஒலித்தன. குரல்களோ மைதானத்தில் விளையாட்டு அறிவித்தல்களுக்கெனப் பொருத்தப்பட்டிருந்த ஒலிபெருக்கிகளின் வழியே சென்றன. பாடுவோர் தம் குரலைத் தாமே கேட்பதற்கென மேடையில் வைக்கப்படும் ஒலிபெருக்கிகள் அக்காலத்தில் வழக்கிற்கு வந்திருக்கவில்லை. இரசிகர்களின் கூச்சலோ இவை யாவற்றையும் மூழ்கடித்தது. ஒலி செவிக்கு எட்டாத நிலையில், முன்னே நிற்போரின் உடலசைவைப் பார்த்தே பாடலின் எந்த இடத்தில் நிற்கின்றோம் என்பதைத் தாம் அறிந்துகொண்டதாக றிங்கோ பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். கேட்பதற்கென வந்தோர் கேட்கவில்லை, வாசித்தோரும் கேட்கவில்லை. இசையரங்கு என்னும் பெயர் மட்டுமே எஞ்சியது எனில் அது மிகையாகாது.

இதே காலப்பகுதியில் ஒலிப்பதிவுக்கூடத்தில் நிகழ்ந்த மாற்றம் இதற்கு நேரெதிரானது. இலண்டனின் அபே வீதியில் அமைந்த கூடத்தில், தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டினுடன் இணைந்து, நான்கு தடங்களைக் கொண்ட ஒலிநாடாவில் அவர்கள் புதிய ஒலிகளைத் தேடினர். நாடாவைப் பின்முகமாக ஓட்டுதல், அதன் வேகத்தை மாற்றுதல், துண்டு நாடாக்களை வளையமாக்கிச் சுழலவிடுதல் ஆகிய உத்திகள் 1966 ஓகஸ்ட் 5ஆம் திகதி இங்கிலாந்தில் வெளிவந்த 'றிவோல்வர்' இசைத்தட்டில் இடம்பெற்றன. எனினும், அதே மாதம் தொடங்கிய அமெரிக்கப் பயணத்தில் அவ்விசைத்தட்டின் ஒரு பாடலேனும் மேடையேறவில்லை. நான்கு பேரும் மூன்று கிற்றார்களும் ஒரு பேரிகைத் தொகுதியும் கொண்டு அவற்றை நிகழ்த்துதல் இயலாத காரியமாயிருந்தது. படைப்பாளி ஒரு திசையிலும் நிகழ்த்துநன் வேறொரு திசையிலுமாக ஒரே மனிதனுள் பிளவுபட்டு நின்ற நிலை இது. மேடையைத் துறக்கும் முடிவிற்கான அடிப்படைக் காரணத்தை இப்பிளவிலேயே தேடுதல் பொருத்தமாகும். 1966இல் நிகழ்ந்த ஏனைய சம்பவங்கள் அம்முடிவை விரைவுபடுத்தின எனலாம்.

அச்சம்பவங்கள் பலவாகும். அவ்வாண்டு யூன் மாத இறுதியில் மேற்கு ஜேர்மனியிற் தொடங்கிய பயணம் யப்பானைச் சென்றடைந்தது. தற்காப்புக் கலைகளுக்கென எழுந்த தோக்கியோவின் புடோக்கான் மண்டபத்தில் மேனாட்டு றொக் இசை ஒலிப்பதை அங்குள்ள மரபுவாதிகள் எதிர்த்தனர். பெருந்தொகையான பொலிசாரின் காவலுடனேயே அரங்குகள் நிகழ்ந்தன. அடுத்து, யூலை 4ஆம் திகதி பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் இரு அரங்குகளை நடத்தினர். சனாதிபதியின் மனைவி இமெல்டா மார்க்கோஸ் மாளிகையில் ஒழுங்குசெய்திருந்த வரவேற்பிற்கு அவர்கள் செல்லாதமை தேசிய அவமதிப்பாகப் பத்திரிகைகளாற் சித்திரிக்கப்பட்டது. காவல் விலக்கிக்கொள்ளப்பட்டது, விமான நிலையத்தில் அவர்களும் உடன்சென்றோரும் தள்ளுண்டும் தாக்குண்டும் வெளியேற நேர்ந்தது. நாடு திரும்பும் வழியில் டில்லியிற் தங்கியபோது ஹரிசன் சித்தார் ஒன்றினை வாங்கினார். அமைதி நாடித் தங்கிய அந்நகரிலும் அவர்கள் தங்கிய விடுதியைச் சூழ இரசிகர் கூட்டம் நின்றமையே அவர்களுக்கு வியப்பூட்டியது. பயணங்களைத் தொடர்வதில் இனிப் பயனில்லை என்ற எண்ணம் இக்காலத்திலேயே குழுவினரிடையே வலுப்பெற்றது.

அமெரிக்காவில் வேறொரு புயல் காத்திருந்தது. கிறித்தவம் நலிந்து வருவது பற்றியும், தமது குழு யேசுவிலும் பார்க்கப் பிரசித்தி பெற்றுவிட்டது என்றும், அவ்வாண்டு மார்ச்சில் இலண்டன் பத்திரிகையொன்றிற்கு லெனன் கூறியிருந்தார். இங்கிலாந்தில் எவரும் பொருட்படுத்தாத இக்கூற்று, யூலை இறுதியில் அமெரிக்கச் சஞ்சிகையொன்றில் மறுபிரசுரமானபோது தென்மாநிலங்களிற் பெருங் கிளர்ச்சியைத் தோற்றுவித்தது. வானொலி நிலையங்கள் சில அவர்களது பாடல்களைத் தடைசெய்தன. இசைத்தட்டுகள் பகிரங்கமாகத் தீயிடப்பட்டன. ஓகஸ்ட் 11ஆம் திகதி சிக்காகோவில் லெனன் விளக்கமும் வருத்தமும் தெரிவித்தார். ஆயினும் மிரட்டல்கள் ஓயவில்லை. ஓகஸ்ட் 19ஆம் திகதி மெம்பிஸ் நகர அரங்கில் எவரோ எறிந்த சீனவெடி வெடித்தபோது, துப்பாக்கிச் சூடோ என அஞ்சிக் குழுவினர் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தனர். சின்சினாட்டியில் மழை காரணமாக அரங்கு மறுநாளுக்கு ஒத்திவைக்கப்பட்டது. மறுநாள் நண்பகலில் அதனை முடித்துக்கொண்டு சென்ற் லூயிஸ் நகருக்குப் பறந்து, அன்றிரவே அங்கும் மழையில், தற்காலிகக் கூரையொன்றின் கீழ் மின்கருவிகளை ஏந்திப் பாடினர். பயணங்களை நிறுத்துவதற்கு அதுவரை முழுமனதுடன் உடன்படாதிருந்த மக்காட்னியும் இந்நாளின் பின்னரே ஏனையோரின் கருத்தினை ஏற்றார். முந்திய ஆண்டு நிரம்பி வழிந்த ஷியா மைதானத்திலும் இம்முறை ஏறத்தாழ 11,000 ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன.

இப்பின்னணியிலேயே ஓகஸ்ட் 29ஆம் திகதி அமைந்தது. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கரையிலமைந்த கண்டில்ஸ்ரிக் பார்க், பேஸ்போல் ஆட்டத்திற்கென அமைக்கப்பட்ட மைதானம். கடற்காற்றுக்கும் மூடுபனிக்கும் பேர்போனது. 42,500 பேருக்கு இடமிருந்தும் ஏறக்குறைய 25,000 பேரே நுழைவுச்சீட்டுப் பெற்றிருந்தனர். சீட்டின் விலை நான்கரை டொலர் முதல் ஆறரை டொலர் வரையே. அரங்கினை ஒழுங்குசெய்தோர் நட்டமடைந்தனர். மைதானத்தின் நடுவே உயர்த்தப்பட்ட மேடையைச் சுற்றிக் கம்பிவேலி இடப்பட்டிருந்தது. குழுவினரை ஏற்றிச் செல்வதற்கெனக் கவச வாகனமொன்று காத்து நின்றது. முகாமையாளர் பிறயன் எப்ஸ்ரைன் அன்று அங்கு இருக்கவில்லை. இரவு ஒன்பதரை மணியளவில் மேடையேறிய குழுவினர் 11 பாடல்களை ஏறத்தாழ 33 நிமிடங்களிற் பாடி முடித்தனர். பாடல்களுக்கிடையே தமது புகைப்படக் கருவிகளைக் கொண்டு கூட்டத்தையும் தம்மையும் படம்பிடித்துக்கொண்டனர். இதுவே இறுதி என்பது அவர்களுக்குத் தெரியும் என்பதை இச்செயல் காட்டுகிறது. ஆயினும் மேடையிலிருந்து அவ்வாறு எதுவும் அறிவிக்கப்படவில்லை. கூட்டத்தில் நின்றோருக்குத் தாம் ஒரு முடிவின் சாட்சிகள் என்பது தெரிந்திருக்கவில்லை.

மேடையேறுவதற்குச் சற்று முன்னர், குழுவின் பத்திரிகைத் தொடர்பாளரான ரொனி பரோவிடம் மக்காட்னி ஒரு வேண்டுகோளை விடுத்தார். பரோவிடமிருந்த சிறிய கசெற் கருவியில் அன்றைய அரங்கினைப் பதிவுசெய்யுமாறு கேட்டதே அது. கசெற் என்னும் சாதனத்தை ஒல்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் 1963இலேயே அறிமுகஞ் செய்திருந்தது. அந்நாளில் அது இசைக்கென அன்றிப் பேச்சினைப் பதிவதற்கே பெரிதும் உகந்ததாகக் கருதப்பட்டது. பரோ கருவியைக் கையிலேந்தி மைதானத்தில் நின்றவாறே ஒலிவாங்கியை மேடையை நோக்கிப் பிடித்தார். நாடாவின் ஒரு பக்கம் 30 நிமிடமே ஓடும். அரங்கோ 33 நிமிடம் நீடித்தது. இடையிலே நாடாவைப் புரட்டிப் போட அவர் முனையவில்லை. இதனால் பதினோராவது பாடலான 'லோங் ரோல் சாலி' தொடங்கிச் சிறிது நேரத்தில் நாடா முடிந்து ஒலி அறுந்துபோயிற்று. மூல நாடாவை மக்காட்னியிடம் ஒப்படைத்ததாகவும், ஒரேயொரு பிரதியை மட்டும் தமது அலுவலக மேசை இழுப்பறையிற் பூட்டிவைத்திருந்ததாகவும் பரோ பின்னர் கூறியுள்ளார். எனினும் எவ்வாறோ அதன் பிரதிகள் வெளியேறி, அனுமதியற்ற இசைத்தட்டுகளாக உலகெங்கும் பரவின. அவை யாவற்றிலும் கடைசிப் பாடல் அறுபட்டே நிற்கின்றமை, அவை இந்த ஒரே நாடாவிலிருந்தே கிளைத்தன என்பதற்குச் சான்றாகும். ஏடு பெயர்த்தெழுதுவோன் விட்ட பிழையைக் கொண்டு சுவடிகளின் வழிமுறையைக் காணும் முறை இங்கும் பயன்படுதல் கவனித்தற்குரியது.

இந்நாடா நமக்கு உணர்த்துவன யாவை? முதலாவதாக, பாடல்களின் தெரிவு. அரங்கின் முதற்பாடலான 'றொக் அன்ட் றோல் மியூசிக்' சக் பெரியினுடையது. இறுதிப்பாடல் லிற்றில் றிச்சாட் 1956இல் வெளியிட்டுப் புகழ்பெற்றது. இருவரும் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள். இடையே அமைந்த ஒன்பது பாடல்களும் குழுவினரின் சொந்தப் படைப்புகள். அத்திலாந்திக்கைக் கடந்து லிவர்ப்பூல் இளைஞரைச் சென்றடைந்த இசை, அவர்கள் வழியே தன் பிறப்பிடத்திற்கே திரும்பி வந்தது என்பதை இவ்வமைப்பு நினைவூட்டுகின்றது. கறுப்பர், வெள்ளையர் எனப் பிரித்து அமர்த்தப்படும் கூட்டத்தின் முன் பாடுவதில்லை என 1964இல் புளோரிடாவின் ஜக்சன்வில் நகரில் அவர்கள் உறுதியாக நின்றதையும் இத்துடன் இணைத்து நோக்குதல் தகும். கற்றுக்கொண்ட பாடலிலேயே தொடங்கி, கற்றுக்கொண்ட பாடலிலேயே முடித்தனர்.

இரண்டாவதாக, மேடைக்கும் கூடத்திற்கும் இடையே விரிந்த இடைவெளி இந்நாடாவிற் செவிக்குப் புலனாகின்றது. இசைத்தட்டில் நரம்பிசைக் கருவிகள் நான்கின் துணையுடன் அமைந்த 'யெஸ்ரடே' இங்கு மின்கிற்றார்களுடன் ஒலிக்கிறது. கூடத்திற் குரல்மேல் குரலாக அடுக்கிப் பதிவான 'பேப்பர்பக் றைற்றர்' மேடையில் மெலிந்து நிற்கிறது. மூன்றாவதாக, இந்நாடாவில் விடைபெறும் சோகம் எதுவும் இல்லை. நகைச்சுவைப் பேச்சும், காற்றைப் பற்றிய குறிப்பும், வழக்கமான நன்றியறிதலுமே உள. முடிவினை அறிந்த பின்னர் கேட்கும் நாம் அதில் ஓர் ஏக்கத்தைக் கேட்கின்றோம். அவ்வேக்கம் நாடாவில் உள்ளதன்று, நம்முடையது. பிற்கால அறிவை முற்காலத்தின்மீது ஏற்றிக் காணும் இவ்வழு, வரலாறு எழுதுவோர் யாவரும் அஞ்சவேண்டிய ஒன்றாகும்.

இக்கட்டத்தில், அதே குழுவின் வேறு இரு ஒலிப்பதிவுகளுடன் இதனை ஒப்பிடுதல் பயன்தரும். 1965இன் ஷியா மைதான அரங்கு பல ஒளிப்படக் கருவிகளைக் கொண்டு முறைப்படி படமாக்கப்பட்டது. ஆனால் அதன் ஒலி திருப்தியளிக்காமையால், 1966 யனவரியில் குழுவினர் இலண்டன் கூடமொன்றில் பல பகுதிகளை மீண்டும் பாடியும் வாசித்தும் சேர்த்தனர். ஒரு பாடலுக்கு இசைத்தட்டின் ஒலியே இடப்பட்டது. மக்கள் கண்ட படத்தில் உருவம் நியூயோர்க்கினது. ஒலியின் ஒரு பகுதி இலண்டனது. இரண்டாவது, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஹொலிவூட் போல் அரங்கில் 1964இலும் 1965இலும் கப்பிற்றல் நிறுவனம் மூன்று தடக் கருவியிற் செய்த பதிவு. கூச்சல் மிகுந்திருந்தமையால் வெளியிடத் தகாததெனக் கிடப்பிலிடப்பட்ட அது, 1977இலேயே ஜோர்ஜ் மார்ட்டினால் ஒழுங்குசெய்யப்பட்டு வெளிவந்தது. 2016இல் அவரது மகன் ஜைல்ஸ் மார்ட்டின், கூச்சலையும் இசையையும் வேறுபிரிக்கும் புதிய தொழில்நுட்பத்தின் துணையுடன் அதனை மறுபடியும் செப்பனிட்டார். இவ்விரு பதிவுகளும் தேர்ந்த கருவிகளாலும் தேர்ந்த கைகளாலும் ஆனவை, கேட்பதற்கும் இனிமையானவை. ஆயினும், மைதானத்தில் நின்ற ஒருவரின் செவிக்கு எட்டியது யாது என்னும் வினாவிற்கு விடை பகரக்கூடியது இவற்றுள் எதுவுமன்று. அவ்விடையைத் தருவது, காற்றின் இரைச்சலுடனும் குறையுடனும் எஞ்சிய அக்கசெற்றேயாகும்.

அவ்வாறாயின் குறையுள்ள பதிவே உண்மையான பதிவு என முடிவுகட்டலாமோ எனின், அதுவும் பொருந்தாது. பரோ நின்ற இடத்தில் ஒலித்ததையே நாடா ஏற்றது. தொலைவிலுள்ள ஆசனத்தில் இருந்தோர் கேட்டது வேறாக இருந்திருக்கும். மேலும், அது குழுவினரின் உள்வட்டத்தில் ஒருவர், குழுவில் ஒருவரின் வேண்டுகோட்படி, நினைவுப்பொருளாகப் பதிந்தது. எல்லாச் சான்றுகளையும் போலவே இதற்கும் ஓர் இடமும் நோக்கமும் உண்டு. வேறுபாடு யாதெனின், தன் குறையை அது மறைப்பதில்லை. திருத்தப்பட்ட சான்று எங்கு திருத்தப்பட்டதென்பதைத் தானாக உரைப்பதில்லை. அறுபட்ட சான்று எங்கு அறுபட்டதென்பதைத் தானே உரைத்துவிடுகிறது.

அரங்கு முடிந்து விமானம் புறப்பட்டபோது, தாம் இனிப் பீற்றில்ஸ் அல்லர் என்ற பொருளில் ஹரிசன் கூறியதாக உடன்சென்றோர் குறிப்பிட்டுள்ளனர். அதே ஆண்டு நவம்பர் 24ஆம் திகதி குழுவினர் மீண்டும் அபே வீதிக் கூடத்திற் புகுந்தனர்; அம்முயற்சியின் தொடர்ச்சியாக 1967இல் 'சார்ஜன்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பான்ட்' வெளிவந்தது. மேடையில் நிகழ்த்தும் கட்டாயத்திலிருந்து விடுபட்டிராவிடின் அத்தகைய படைப்பிற்கு அவர்கள் துணிந்திருப்பரோ என்பது ஐயமே. எப்ஸ்ரைன் 1967 ஓகஸ்ட் 27இல் காலமானார். 1969 யனவரி 30ஆம் திகதி இலண்டனில் தமது அலுவலகக் கூரைமீது ஏறி நால்வரும் ஒருமுறை பாடினர். அது சொந்த நாட்டில், அறிவிப்பின்றி, கட்டணமின்றி நிகழ்ந்தது. கண்டில்ஸ்ரிக் பார்க் மைதானம் 2015இல் இடித்தகற்றப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டு ஓகஸ்டில் அங்கு இறுதி இசையரங்கினை நடத்தியவர் மக்காட்னியே. நாடாவைச் சுழலவிட்ட ரொனி பரோவும் 2016இற் காலமானார்.

இன்று அம்மைதானமும் இல்லை. மேடையில் நின்ற நால்வருள் இருவரும் மறைந்துவிட்டனர். அவ்விரவின் ஒலியாக எஞ்சுவது அரைமணிநேர நாடா மாத்திரமே. நாடாவின் ஒரு பக்கம் இன்னும் மூன்று நிமிடம் நீண்டிருப்பின் முழு அரங்கும் நமக்குக் கிட்டியிருக்கும். அவ்வாறு கிட்டாமை ஓர் இழப்பே. அதனை அழகென வியப்பதற்கில்லை. ஆனால் அன்று உலகப் புகழின் உச்சியில் நின்ற குழுவொன்றின் கடைசி வெளிநாட்டு அரங்கினைப் பதிவதற்கு எந்த நிறுவனமும் ஒழுங்கு செய்திராத நிலையில், கைக்கடக்கமான கருவியொன்றே அதனைக் காத்தது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. நிறுவனங்கள் தாம் முக்கியமெனக் கருதியவற்றையே பேணுகின்றன. ஒன்று முடிகின்றபோது அது முடிகின்றதென்பதை அவை பெரும்பாலும் அறிவதில்லை. ஆகவே, வரலாற்று மாணவர் பேரேடுகளோடு நில்லாது, தனிமனிதரின் இழுப்பறைகளிற் கிடப்பனவற்றையும் தேடிப் பேணுதல் கடனாகும். அவை முற்றுப்பெறாதனவாயினும், எங்கே நின்றன, ஏன் நின்றன என வினவத் தெரிந்தோர்க்கு விடையளிக்கக் கூடியனவாம்.